கோடைகால ஆய்வா, தொழிற்பழகுநர் ஆண்டா, அணுசக்திப் பயிற்சிப் பள்ளியா? அறிவியல் மாணவருக்கான அரசு வாய்ப்புகள், ஓர் ஒப்பீடு

இயற்பியலோ வேதியியலோ உயிரியலோ படிக்கும் மாணவர் ஒருவர் ஆய்வுத் துறைக்குப் போக வேண்டும் என்று எண்ணத் தொடங்கும்போது, அவருக்கென்று மத்திய அரசு வைத்திருக்கும் வாய்ப்புகள் குறைவானவை அல்ல. மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வுத் திட்டம், அடிப்படை அறிவியல் படிப்போருக்கான இன்ஸ்பயர் உதவித்தொகையோடு இணைந்த கோடைப் பணி, இஸ்ரோவிலும் சி.எஸ்.ஐ.ஆர். (அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றம்) ஆய்வகங்களிலும் செய்யும் மாணவர் பிராஜெக்ட், பட்டம் பெற்றபின் ஓராண்டுத் தொழிற்பழகுநர் பயிற்சி, எம்.எஸ்சி.க்குப் பிறகு அணுசக்தித் துறையின் பயிற்சிப் பள்ளி என்று அவை பல நிலைகளில் பரவியிருக்கின்றன. ஆனால் மாணவர்களும் பெற்றோரும் இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலும் நிறுவனத்தின் பெயரை மட்டுமே எடைபோடுகிறார்கள். இயற்பியல் கற்பிக்கும் ஆசிரியர் என்ற முறையில் நான் மாணவர்களிடம் முதலில் கேட்கச் சொல்வது வேறு இரண்டு கேள்விகளை. அந்த வாரங்களில் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் ஆகும் செலவு யாருடையது? நீங்கள் செய்யும் வேலையை அருகில் இருந்து பார்த்துத் திருத்தப் போகிறவர் யார்? இந்த இரண்டுக்கும் தெளிவான விடை இருக்கும் இடத்தில் கற்கும் எட்டு வாரம், விடை இல்லாத இடத்தில் கழிக்கும் ஓராண்டைவிட மேலானது என்பது என் உறுதியான கருத்து.

இந்தக் கேள்விகளுக்கு மிக நேரான விடை தரும் திட்டம் அறிவியல் கழகங்களுடையது. சர் சி.வி. ராமன் 1934இல் தொடங்கிய பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் (இந்தியன் அகாடமி ஆஃப் சயின்சஸ்), புதுதில்லியில் உள்ள இந்திய தேசிய அறிவியல் கழகம், பிரயாக்ராஜில் உள்ள தேசிய அறிவியல் கழகம் ஆகிய மூன்றும் சேர்ந்து ஆண்டுதோறும் மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, நாடெங்கும் உள்ள ஆய்வாளர்களிடம் கோடையில் இரண்டு மாதம் பணிபுரிய அனுப்புகின்றன. மாதந்தோறும் உதவித்தொகை உண்டு; வரம்புக்குட்பட்ட ரயில் கட்டணமும் உண்டு. எல்லாவற்றையும்விட முக்கியமானது, மாணவர் ஒரு நிறுவனத்துக்கு அனுப்பப்படுவதில்லை, பெயர் குறிப்பிட்ட ஒரு வழிகாட்டியிடம் அனுப்பப்படுகிறார் என்பதுதான். அவர் ஐ.ஐ.டி. பேராசிரியராக இருக்கலாம், தேசிய ஆய்வகத்தின் விஞ்ஞானியாக இருக்கலாம், ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் சிறிய ஆய்வுக் குழுவை நடத்துபவராகவும் இருக்கலாம். இறுதியில் மாணவர் ஓர் அறிக்கை எழுதித் தர வேண்டும். அந்த அறிக்கை வழிகாட்டியின் கையைத் தாண்டாமல் கழகத்துக்குப் போகாது.

இதற்கான தேர்வில் மதிப்பெண்ணுக்கும் ஆசிரியரின் பரிந்துரைக் கடிதத்துக்கும் இணையாக எடைபோடப்படுவது, மாணவர் தம் ஆர்வத்தைப் பற்றி எழுதித் தரும் குறிப்பு. நம் மாணவர்கள் பெரும்பாலும் தோற்பது இங்கேதான். “சிறு வயது முதலே எனக்கு அறிவியலில் மிகுந்த ஆர்வம் உண்டு, நாட்டுக்குப் பயன்படும் விஞ்ஞானியாக விரும்புகிறேன்” என்று தொடங்கும் குறிப்பு அவரைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. மாறாக, ஒரு மாணவி தம் கல்லூரி ஆய்வகத்தில் ஒளியை நிறங்களாகப் பிரித்து அளக்கும் நிறமாலைமானியை வைத்துச் சோடியம் விளக்கின் ஒளியைப் பார்த்ததையும், 589.0, 589.6 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட இரண்டு மஞ்சள் கோடுகளும் முதல் வரிசை நிறமாலையில் ஒட்டிக்கொண்டே தெரிந்ததையும், ஒளி நுழையும் பிளவைக் குறுக்கி இரண்டாம் வரிசை நிறமாலைக்குப் போனபோது அவை பிரிந்து தெரிந்ததையும், பிளவைக் குறுக்கக் குறுக்க ஒளி மங்கிப்போனதால் எந்த அளவில் நிறுத்துவது என்று தாம் தடுமாறியதையும் எழுதினால், அந்தச் சில வரிகளைப் படிக்கும் விஞ்ஞானிக்கு இவர் கருவியைக் கையால் தொட்டவர் என்பது உடனே விளங்கிவிடும். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஊரக அரசுக் கல்லூரியிலும் இருக்கும் நிறமாலைமானியும், அதில் ஒளியைப் பிரிக்கும் கீற்றணியும் போதும். பாடத்திட்டத்தில் உள்ள பரிசோதனையை ஒழுங்காகச் செய்து, அதில் இடறிய இடத்தைக் கவனித்து எழுதும் பழக்கம்தான் தேவை.

இத்திட்டத்துக்கும் குறைகள் உண்டு. விண்ணப்பம் வழக்கமாக நவம்பர் இறுதியை ஒட்டி முடிந்துவிடும். கோடைக்கு ஆறு மாதம் முன்பே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. ஏப்ரலில் இதைக் கேள்விப்பட்டு வரும் மாணவரிடம் அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றுதான் சொல்ல முடியும். நம் கலை அறிவியல் கல்லூரிகளின் நாட்காட்டியோடு இது பொருந்துவதும் இல்லை. பல்கலைக்கழகத் தேர்வு மே மாதம் வரை இழுத்துவிட்டு, ஜூன் நடுவில் கல்லூரி திறந்துவிடும்போது, எட்டு வாரம் என்பது அடுத்த பருவத்துக்குள் நுழைந்துவிடுகிறது. துறைத் தலைவரிடமும் முதல்வரிடமும் வருகைப் பதிவுக்கான அனுமதியை எழுத்தில் வாங்கிவைத்துக்கொள்வதே இதற்கு வழி. தங்குமிடம் ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு விதம். சில நிறுவனங்களில் விடுதி கிடைக்கும், சிலவற்றில் வெளியே அறை தேட வேண்டும். மகளை முதன்முதலாகத் தனியே வெளியூர் அனுப்பும் பெற்றோருக்கு இதுவே முதல் கவலை என்பதால், வழிகாட்டியின் பெயர் உறுதியானவுடன் அவருக்கு எழுதி விடுதி பற்றிக் கேட்டுவிடுவது நல்லது. அந்த ஒரு மின்னஞ்சலுக்குக் கிடைக்கும் பதிலே பல வீடுகளில் சம்மதத்தைப் பெற்றுத் தந்திருக்கிறது.

இன்ஸ்பயர் உதவித்தொகையைப் போட்டித் திட்டம் என்பதைவிட உரிமை என்றே சொல்லலாம். பிளஸ் டூ பொதுத்தேர்வில் தம் வாரியத்தின் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து, பொறியியலுக்கோ மருத்துவத்துக்கோ போகாமல் அடிப்படை அறிவியல் பட்டப்படிப்பில் சேர்ந்தவர்களுக்கானது அது. ஆண்டுக்கு 80,000 ரூபாய். அதில் 60,000 மாணவர் கைக்கு வருவது, 20,000 கோடையில் ஓர் ஆய்வாளரிடம் பணிபுரிவதற்கானது. பணத்தைப் பொறுத்தவரை பி.எஸ்சி. மாணவருக்கு இதற்கு நிகரானது இல்லை. ஆனால் வழிகாட்டியைத் தேடிப் பிடிக்கும் பொறுப்பு மாணவர் தலையில் விழுகிறது. சென்னையிலோ பெங்களூருவிலோ படிப்பவருக்கு இது எளிது. சிறு நகரக் கல்லூரியில் இருப்பவர், உள்ளூர் ஆசிரியர் ஒருவரிடமே பெயருக்கு ஒரு பணியைச் செய்து சான்றிதழ் வாங்கி அனுப்பிவிடுகிறார். பணம் கிடைத்துவிடும், பயிற்சி கிடைத்திருக்காது. மதிப்பெண் பட்டியலும் கோடைப் பணியின் சான்றும் பதிவேற்றிய பிறகே அடுத்த ஆண்டுக்கான தொகை வருவதால், அதை மாதச் செலவுக்கு நம்பியிருக்கவும் முடியாது. இத்தொகையைப் பெறும் மாணவர்கள் தங்கள் கோடைப் பணியைச் சடங்காக முடித்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 200, 300 கிலோமீட்டருக்குள் இருக்கும் ஆய்வகங்களின் இணையதளங்களைப் படித்து, ஒருவரின் அண்மைக்கால ஆய்வுக் கட்டுரை ஒன்றையாவது புரட்டிப் பார்த்துவிட்டு, அவருக்குத் தனியாகக் கடிதம் எழுதுங்கள். ஒரே கடிதத்தை நாற்பது பேருக்கு அனுப்பினால் நாற்பது பேரும் அதைக் கண்டுகொள்ளமாட்டார்கள்.

இஸ்ரோ என்ற பெயருக்கு நம் வீடுகளில் இருக்கும் மதிப்பு தனி. திருநெல்வேலி மாவட்டத்தின் மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் நிலையம் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் குலசேகரப்பட்டினத்தில் இரண்டாம் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டபின் தென்மாவட்ட மாணவர்களின் ஆர்வம் இன்னும் கூடியிருக்கிறது. கல்லூரி மாணவருக்கு அங்கே இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று அதிகபட்சம் 45 நாள் நீளும் இன்டர்ன்ஷிப். மற்றொன்று பாடத்திட்டத்தின் பகுதியாகச் செய்யும் பிராஜெக்ட். 60 சதவீத மதிப்பெண் வேண்டும், கல்லூரி வழியாக விண்ணப்பிக்க வேண்டும், அந்தப் பிரிவில் வழிகாட்ட ஒருவர் முன்வர வேண்டும். உதவித்தொகை கிடையாது. உயர் பாதுகாப்பு வளாகம் என்பதால் கைபேசி, மடிக்கணினி முதல் தரவுகளை வெளியே எடுத்துச் செல்வது வரை கட்டுப்பாடுகள் இருக்கும் என்பதையும் எதிர்பார்த்தே போக வேண்டும். பொறியியல் மாணவருக்கு, அதிலும் தம் துறைக்கு நேரடியாகப் பொருந்தும் பிரிவு கிடைத்தவருக்கு, இது உண்மையிலேயே பயன் தரும். பி.எஸ்சி. மாணவர் ஒருவர் கடன் வாங்கி அறை எடுத்துத் தங்கி, பெயருக்காக மட்டும் இதைச் செய்வதை நான் ஊக்குவிப்பதில்லை. அங்கே பிராஜெக்ட் செய்தது பின்னாளில் இஸ்ரோவின் வேலைத் தேர்வில் எந்த முன்னுரிமையையும் தராது என்பதைப் பெற்றோருக்குத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகங்களில் செய்யும் பிராஜெக்டும் இதே வகைதான், ஒரு வேறுபாட்டோடு. தமிழ்நாட்டில் காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வகம், சென்னை அடையாற்றின் தோல் ஆராய்ச்சி நிறுவனம், தரமணியின் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வகம் என்று மூன்று இருக்கின்றன. வள்ளல் அழகப்பர் நிலமும் பணமும் கொடுத்து வரவழைத்த காரைக்குடி ஆய்வகம், மின்கலம், அரிப்புத் தடுப்பு, மின்முலாம் பூச்சு ஆகியவற்றில் இந்தியாவின் முதன்மையான மையம். சிவகங்கை, புதுக்கோட்டை, ராமநாதபுரம் மாவட்டங்களில் வேதியியல் படிப்பவருக்கு அது வீட்டிலிருந்து பேருந்தில் போய்வரும் தொலைவு. அப்படிப்பட்டவருக்கு உதவித்தொகை இல்லாத பிராஜெக்டும் நல்ல தேர்வாகிவிடுகிறது, ஏனென்றால் முதல் கேள்விக்கு வீடே விடை சொல்லிவிட்டது. சில ஆய்வகங்கள் மாணவரிடம் பயிற்சிக் கட்டணமும் வாங்குகின்றன என்பதால், சேரும்முன் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பணம் கட்டி ஆய்வகத்தில் நுழைந்தாலும், அங்கே மாணவருக்கு என்ன கிடைக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். வழிகாட்டி தம் முனைவர் பட்ட மாணவரிடம் ஒப்படைத்துவிட, அவர் முதல் வாரம் முழுவதும் கண்ணாடிக் கலன்களைக் கழுவச் சொல்லலாம். அதை மட்டும் வைத்து அந்த இடம் மோசம் என்று முடிவுகட்ட வேண்டாம். மின்வாயின் மேற்பரப்பில் ஒரு சிறு அழுக்கு இருந்தால் அளவீடு முழுவதும் பொய்யாகிவிடும் என்பதை, மூன்று நாள் அளவீடு வீணான பிறகு கழுவத் தொடங்கியவர்தான் உண்மையாக அறிவார். ஆனால் மூன்றாம் வாரத்திலும் கழுவுவது மட்டுமே வேலை என்றால், தயங்காமல் வழிகாட்டியிடம் போய், எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்று பணிவோடு கேட்டுவிட வேண்டும்.

இனி, பட்டம் முடித்தவுடன் சம்பாதிக்க வேண்டிய நிலையில் இருப்பவருக்கான தொழிற்பழகுநர் பயிற்சி. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ், ஆய்வு நிறுவனங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் பட்டதாரிகளையும் பட்டயதாரர்களையும் ஓராண்டுக்கு எடுத்துக்கொள்கின்றன. 2019ஆம் ஆண்டு விதிகள் பட்டதாரிக்குக் குறைந்தபட்சம் மாதம் 9,000 ரூபாய் என்று வைத்தன. தேசியப் பழகுநர் பயிற்சித் திட்டத்தில் அந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசே ஏற்கிறது. தென்மாநிலங்களுக்கான பழகுநர் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில், சி.ஐ.டி. வளாகத்தின் நான்காம் குறுக்குத் தெருவில் இருக்கிறது. அதே தெருவில்தான் அணுசக்தித் துறையின் ஆதரவில் இயங்கும் கணித அறிவியல் நிறுவனமும் இருக்கிறது. அங்கே கோடையில் கணிதமும் கோட்பாட்டு இயற்பியலும் கற்க மாணவர்கள் வருகிறார்கள். ஒரே தெருவின் இந்த இரண்டு வாசல்களுக்கும் இடையில் பாதை எதுவும் போடப்படவில்லை என்பது என்னை வருத்துகிறது. பழகுநராக ஓராண்டு கருவிகளைப் பராமரித்த ஒரு பி.எஸ்சி. பட்டதாரிக்கு, அந்த அனுபவத்தை எம்.எஸ்சி. சேர்க்கையிலோ ஆய்வுப் பணியிலோ மதிப்பெண்ணாக மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு நம்மிடம் இல்லை. பயிற்சி முடிந்தபின் வேலை தர வேண்டும் என்ற கட்டாயமும் நிறுவனத்துக்கு இல்லை.

ஆகவே தொழிற்பழகுநர் ஆண்டைத் தேர்ந்தெடுப்பவர் அதன் எல்லையை அறிந்தே தேர்ந்தெடுக்க வேண்டும். வீட்டுக்குச் சிறு வருமானம், அரசு நிறுவனம் ஒன்று எப்படி இயங்குகிறது என்ற அறிவு, ஒரு சான்றிதழ், மாலையில் போட்டித் தேர்வுக்குப் படிக்க நேரம் ஆகியவை கிடைக்கும். தொழில்நுட்ப உதவியாளர் பணிகளுக்கு விண்ணப்பிக்க எண்ணும் பட்டயதாரருக்கு இது நல்ல படி. ஆய்வாளராக விரும்பும் பி.எஸ்சி. பட்டதாரிக்கு, எம்.எஸ்சி.யில் இடம் கிடைத்தும் அதை விட்டுவிட்டு இதற்குப் போவது பெரும்பாலும் இழப்பு. குடும்பச் சூழல் வேறு வழி விடவில்லை என்றால், ஓராண்டுக்குப் பின் படிப்பைத் தொடர்வது எப்படி என்பதையும் சேரும் நாளிலேயே வீட்டாரோடு பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக அணுசக்தித் துறையின் பயிற்சிப் பள்ளி. ஹோமி பாபாவின் முயற்சியில் 1957இல் மும்பையில் தொடங்கிய இது, இந்திய அரசின் அறிவியல் பயிற்சித் திட்டங்களிலேயே மிக நேர்மையானது என்று நான் கருதுவதற்குக் காரணம் ஒன்றுதான்: துறை தனக்கு எத்தனை பேர் தேவை என்று எண்ணிப் பார்த்துவிட்டு அத்தனை பேரை எடுக்கிறது. ஓராண்டு வகுப்பை முடித்தவர் அறிவியல் அலுவலராகப் பணியில் அமர்கிறார். மும்பை தவிர கல்பாக்கம், இந்தூர், ஐதராபாத் ஆகிய இடங்களிலும் பயிற்சி நடக்கிறது. பி.இ., பி.டெக். பட்டதாரிகளும், இயற்பியல், வேதியியல், உயிரியல் உள்ளிட்ட துறைகளில் எம்.எஸ்சி. முடித்தவர்களும் விண்ணப்பிக்கலாம், 60 சதவீதம் வேண்டும், பொதுப் பிரிவினருக்கு வயது வரம்பு 26. இணையவழித் தேர்வு அல்லது பட்டதாரிகளுக்கான தேசியத் தேர்வான கேட்டின் மதிப்பெண் வழியாக நேர்காணலுக்கு அழைக்கப்படுகிறார்கள். நேர்காணல் நீண்டதாகவும் ஆழமாகவும் இருக்கும். பாடத்திட்டம் முழுவதையும் மேலோட்டமாகப் படித்தவரைவிட, தமக்கு உறுதியாகத் தெரிந்த சில பாடங்களை அடி முதல் அறிந்தவர் அங்கே தேறுகிறார்.

பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை உண்டு. பாடமும் தேர்வும் இடைவிடாமல் நடக்கும். குறைந்தது 50 சதவீதம் பெறாதவருக்குப் பணி இல்லை. முடித்தபின் மூன்றாண்டாவது துறையில் பணிபுரிவதாக ஒப்பந்தம் எழுதித் தர வேண்டும். இதையே பலர் தடையாகப் பார்க்கிறார்கள். எனக்கு அது நியாயமான கைமாறாகத்தான் தெரிகிறது. பொதுமக்கள் பணத்தில் ஓராண்டு பயிற்சி, அதன்பின் மத்திய அரசின் ‘அ’ பிரிவுப் பணி, ஹோமி பாபா தேசிய நிறுவனத்தின் வழியாக மேற்படிப்பையும் முனைவர் பட்டத்தையும் தொடரும் வாய்ப்பு ஆகியவற்றுக்கு மூன்றாண்டு சிறு விலை. உண்மையான தடை வேறு: எந்த ஆய்வுப் பிரிவில் அமர்வது என்பதைத் துறையின் தேவையே பெரிதும் தீர்மானிக்கிறது. தனக்கென்று ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு அதன் பின்னால் போக விரும்புபவருக்கு இது பொருந்தாமல் போகலாம்.

அப்படிப்பட்டவருக்கு மாற்று, சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வின் வழியாகக் கிடைக்கும் ஜே.ஆர்.எஃப். எனப்படும் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை. 2023 ஜனவரி முதல் அது முதல் இரண்டு ஆண்டுக்கு மாதம் 37,000 ரூபாய், பின்னர் 42,000. தலைப்பையும் வழிகாட்டியையும் தாமே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் ஐந்தாண்டு முடிவில் கையில் முனைவர் பட்டம் இருக்கலாம்; வேலை இருக்கும் என்று யாரும் உறுதி தருவதில்லை. கல்லூரி ஆசிரியர் பணியிடங்கள் ஆண்டுக்கணக்கில் நிரப்பப்படாமல் கிடக்கும் நிலையில் இது சிறிய இடர் அல்ல. இரண்டும் கிடைத்த மாணவர் என்னிடம் வந்தால், வீட்டில் தங்கை, தம்பி படிப்புச் செலவோ கடனோ இருக்கும்போது பயிற்சிப் பள்ளியையே பரிந்துரைப்பேன். அத்தகைய சுமை இல்லாமல், கோடைகால ஆய்வில் ஏற்கெனவே ஒரு கேள்வியைச் சந்தித்து அதிலேயே மனம் ஊன்றியவராக இருந்தால், ஜே.ஆர்.எஃப். பக்கம் போகச் சொல்வேன்.

பள்ளி மாணவருக்கான திட்டங்கள் இந்த ஒப்பீட்டுக்கு வெளியே நிற்பவை. ஒன்பதாம் வகுப்பினருக்கு இஸ்ரோ 2019 முதல் நடத்தும் யுவிகா ஓர் அறிமுகம், அதில் முடிவெடுக்க ஒன்றுமில்லை, தகுதி இருந்தால் விண்ணப்பித்துவிட வேண்டியதுதான். அரசுத் திட்டங்கள் நிலையானவை அல்ல என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். 1999இல் தொடங்கி ஒரு தலைமுறை மாணவரை அடிப்படை அறிவியலுக்கு இழுத்துவந்த கே.வி.பி.ஒய். உதவித்தொகைத் திட்டம் 2022இல் இன்ஸ்பயருடன் இணைக்கப்பட்டு முடிந்துபோனது. அதன் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர்கள் திகைத்துப்போனார்கள். எனவே எந்தத் திட்டமானாலும் அந்த ஆண்டின் அறிவிப்பை நேரடியாகப் படித்தபின்பே நாளையும் தொகையையும் நம்ப வேண்டும்.

இப்போது இரண்டாம் ஆண்டில் இருக்கும் பி.எஸ்சி. மாணவருக்கு நான் சொல்லும் வரிசை இது. செப்டம்பரிலேயே ஆசிரியர் ஒருவரிடம் பரிந்துரைக் கடிதத்துக்குச் சொல்லிவைத்து, நவம்பருக்குள் அறிவியல் கழகங்களின் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். அது கிடைக்காவிட்டால், பிப்ரவரி, மார்ச்சில் வீட்டிலிருந்து போய்வரக்கூடிய ஆய்வகம் ஒன்றில் பிராஜெக்டுக்கு எழுதுங்கள். இன்ஸ்பயர் தொகை பெறுபவரானால் இன்னும் தொலைவான இடத்தையும் நாடலாம். எம்.எஸ்சி. முதலாண்டில் இதையே மீண்டும் ஒருமுறை செய்யுங்கள். இயற்பியலும் வேதியியலும் படிப்பவருக்கு அப்போது கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தின் கோடைப் பயிற்சியும் சேர்ந்துகொள்ளும். பயிற்சிப் பள்ளியின் விண்ணப்பம் எம்.எஸ்சி. இறுதியாண்டில் இருக்கும்போதே வந்துவிடும் என்பதால், அதற்கான படிப்பையும் நெட் தேர்வுக்கான படிப்பையும் மூன்றாம் பருவத்திலேயே சேர்த்துத் தொடங்கிவிடுங்கள். பாடப்பகுதிகள் பெரும்பாலும் ஒன்றுதான்.